டிசம்பரில் நமக்கு என்ன இருக்கிறது?

1 டிசம்பர் 2025, காலை 6.40

“டிசம்பர் என்பது தசாம்பரம் என்னும் நம் சொல்லிலிருந்து பிறந்தது. பெயரைக் கொடுத்தவர்கள் நாம், கொண்டாடுபவர்கள் மற்றவர்கள். அந்த மாதத்தில் நமக்கென்று ஒரு நாளும் இல்லை, மார்கழியோ பீடை மாதம்” என்று தம்பி ஒருவர் நேற்றிரவு எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு இதே வாசகம் எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் சுற்றி வந்தது. அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, முப்பது ஆண்டு தமிழ்ப்பள்ளியில் கற்பித்தவள் என்ற முறையில் இம்முறை பதில் எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பழைய ரோமானியர்களின் ஆண்டு மார்ச்சில் தொடங்கிப் பத்து மாதங்களோடு, 304 நாளில் முடிந்தது. அதன் பின் வந்த குளிர்கால நாட்களை அவர்கள் எந்த மாதத்திலும் சேர்க்கவில்லை. அவர்களுடைய இலத்தீன் மொழியில் செப்தெம் ஏழு, ஒக்தோ எட்டு, நோவெம் ஒன்பது, தெசெம் பத்து. செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு பெயர்களும் வெறும் வரிசை எண்களே. பிற்காலத்தில் சனவரியும் பிப்ரவரியும் சேர்க்கப்பட்டன; நூமா பொம்பிலியஸ் என்ற மன்னர் சேர்த்தார் என்பது ரோமானியர்களின் மரபுவழிச் செய்தி. அவ்வாறு பத்தாவது மாதம் பன்னிரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது; பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

தெசெமும் வடமொழியின் தசமும் ஒத்து ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டும் ஒரே மொழிக்குடும்பத்தில் பிறந்த உடன்பிறப்புகள். உடன்பிறந்தவளைத் தாய் என்று சொல்லலாகாது. “அம்பரம்” என்ற பகுதிக்கோ இடமே இல்லை, ஏனெனில் அதே ஈறுதான் செப்டம்பரிலும் நவம்பரிலும் நிற்கிறது. நம்முடைய பத்து அந்தக் குடும்பத்தைச் சேராத தனிச் சொல். ஆகவே பெயரைக் கொடுத்தவர்கள் நாம் என்ற பெருமையை விட்டுவிடலாம். அது இல்லாமலே இந்த மாதத்தில் நமக்கு நிறைய இருக்கிறது.

2 டிசம்பர், இரவு 9.15

பத்தாவது மாதத்துக்கு ஏன் 31 நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்தில் 30 இருந்தது. மாதங்கள் பன்னிரண்டானபோது 29 ஆயிற்று. ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் செய்த சீர்திருத்தத்தில் இரண்டு நாள் கூட்டப்பட்டு 31 ஆயிற்று.

3 டிசம்பர், இரவு 10.05

இன்று கார்த்திகைத் தீபம். “ஒரு நாளும் இல்லை” என்பதற்கு என் வாசலே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எதிர்வரிசை முழுவதும் அகல் விளக்குகள் எரிகின்றன. தோட்டத்தில் பனைமரம் கிடையாது என்பதால், சொக்கப்பனைக்குக் காய்ந்த தென்னை மட்டைகளை நட்டு ஓலை சுற்றுவார்கள். அது எரிந்து முடிந்த பின் கரியை எடுத்து அப்பா நெற்றியில் இடுவார்.

இதே டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், அந்தோணியார் படம் மாட்டிய வீட்டு அத்தை சொல்லித்தான் சிறுவயதில் அவரை அறிந்தேன். தமிழகத்தின் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றி, செபங்களைத் தமிழில் மனனம் செய்து கற்பித்தவர் அவர். 1552ஆம் ஆண்டு இதே நாளில் சீனக் கரையை ஒட்டிய சாங்சுவான் தீவில் இறந்தார். மறு ஆண்டு அவருடைய உடல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, குன்றின் மேலுள்ள புனித பவுல் ஆலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின்னர் கோவாவுக்குச் சென்றது. பள்ளிச் சுற்றுலாவில் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோதெல்லாம், கம்பி வலையால் மூடிய அந்த வெறுங்குழியைக் காட்டி, தமிழ் பேசிய ஒருவர் இங்கே கிடந்தார் என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வாண்டு தீபமும் அவர் திருநாளும் ஒன்றாக வந்திருக்கின்றன. தீபம் கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியையும் கார்த்திகை விண்மீனையும் பார்த்து வருவதால் ஆண்டுதோறும் நாள் நகரும். சவேரியார் நாள் நகராது.

6 டிசம்பர், மாலை 5.30

மழை. டிசம்பர் என்றால் எங்கள் அம்மாவின் நினைவுக்கு வருவது பண்டிகை அன்று, மழைதான். மரப்பட்டை நனைந்திருந்தால் ரப்பர்ப் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரத்தைச் சுற்றி வழியும். வெட்டிய பின் பெய்தால் பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் சேர்ந்து பால் கெடும். விடியற்காலையில் தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போனாலும் திரும்பி வர வேண்டியதுதான் என்று அம்மாவுக்குத் தெரியும். சனவரியில் பள்ளி திறக்கும், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காலணியும் வாங்க வேண்டும். டிசம்பரிலோ வேலை நாட்கள் குறையும். ஆண்டு முழுவதும் டிசம்பருக்கு அஞ்சியவர் அவர்.

8 டிசம்பர், காலை 7.20

முந்தைய குறிப்பைத் திருத்துகிறேன். கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் படித்துவிட்டு, “அத்தை, டிசம்பர் மழை எங்கள் கரைக்குச் சொந்தம்” என்று அழைத்தான். அவன் சொல்வது சரி. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகியவற்றையே நேரே தாக்குகிறது. எங்கள் மேற்குக் கரையில் மழை மிகுவது பெரும்பாலும் அக்டோபரிலும் நவம்பரிலும். அம்மாவுக்குப் பணமுடை டிசம்பரில் வந்ததற்குக் காரணம், முந்தைய இரண்டு மாத மழையில் இழந்த கூலியாகவும் இருந்திருக்க வேண்டும். அவர் டிசம்பரைக் குறை சொன்னார், நானும் கேட்டபடியே எழுதிவிட்டேன். ஆயினும் மேற்குக் கரை தப்பிவிட்டது என்று சொல்லவும் முடியாது. 2021 டிசம்பர் 18இல் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தை எங்கள் வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை.

இன்று டிசம்பர் 8. 1941இல் இதே நாள் நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியப் படை கிளந்தானின் கோத்தா பாருவில் இறங்கியது. ஹவாயில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதற்கும் சற்று முன்னரே இங்கே சண்டை தொடங்கிவிட்டது. பன்னாட்டுத் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அங்கே அது டிசம்பர் 7. இரண்டு நாள் கழித்துக் குவாந்தானுக்கு அப்பால் கடலில் இரு பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மூழ்கின. தாத்தா சொல்லுவார்: முதலில் துரை பங்களாவின் விளக்கு அணைந்தது, பிறகு கணக்கு எழுதும் கிராணியின் மேசை காலியானது, பிறகு ரப்பர் வாங்க ஆளில்லாமல் போனது. மரங்களுக்கிடையே மரவள்ளி நட்டு உயிர் பிழைத்தார்கள். 1943இல் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களில் தாத்தாவின் தம்பியும் ஒருவர். அவர் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தின் டிசம்பரில் இந்த நாளும் இருக்கிறது.

11 டிசம்பர், பிற்பகல் 3.00

சிலாங்கூர் மாநிலத்தில் இன்று சுல்தானின் பிறந்தநாள் பொது விடுமுறை. சுல்தான் ஷராஃபுதீன் இட்ரிஸ் ஷா பிறந்தது 1945 டிசம்பர் 24. அதிகாரபூர்வக் கொண்டாட்டம் 11ஆம் நாள்.

பாரதி பிறந்ததும் 1882இல் இதே டிசம்பர் 11. ஆசிரியராக எனக்கு இதில் நீங்காத மனக்குறை ஒன்று உண்டு. பள்ளியாண்டு சனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்த காலத்தில், இந்த நாள் எப்போதும் நீண்ட விடுமுறைக்குள் விழும். 2022 முதல் கல்வியாண்டு மார்ச்சுக்கு மாறி டிசம்பரிலும் வகுப்புகள் நடந்தன. அப்போதும் எங்கள் மாநிலத்தில் இது பொது விடுமுறை. முப்பது ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பாரதி பிறந்தநாளன்று வகுப்பில் நின்று அவரைப் பற்றிப் பேச எனக்கு வாய்க்கவில்லை. முன்கூட்டியோ பின்தள்ளியோ நடத்துவோம். அது அதே நாள் ஆகாது.

1941இல் பினாங்கு ஜார்ஜ் டவுன்மீது குண்டுகள் விழுந்ததும் இந்தத் தேதியில்தான். விமானங்களை வேடிக்கை பார்க்க மக்கள் தெருவில் இறங்கி நின்றதால் இறப்பு பெருகியது. நாளை, 12ஆம் நாள், எங்கள் ஊருக்குக் கிழக்கே பத்தாங் காலியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 சீனர்கள் பிரிட்டிஷ் படையினரால் 1948இல் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். அவர்களும் நம்மைப் போல் பால்மரத்தை நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கும் இந்த மாதத்தில் ஒரு நாள் இருக்கிறது என்பதைத் தம்பி எண்ணிப் பார்க்க வேண்டும்.

16 டிசம்பர், காலை 6.10

மார்கழி முதல் நாள். கோயிலிலிருந்து இப்போதுதான் வந்தேன். ஈரத் தலையோடு எழுதுகிறேன்.

தோட்டத்தில் மார்கழி விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும். ஒருவர் சேகண்டி அடித்துக்கொண்டு லயத்துக்கு லயம் வருவார். பின்னால் பிள்ளைகள் ஜால்ராவோடு பஜனை பாடிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரியத் தொடங்கும். அம்மா வாசலில் சாணம் தெளித்துக் கோலமிடுவார். சாண உருண்டையில் செருகப் பூசணிப்பூ கிடைக்காத நாட்களில் வேலியோரத்துச் செம்பருத்தியே நிற்கும். மலையிலிருந்து இறங்கிய பனி பால்மரங்களுக்கிடையே தேங்கி நிற்கும்போது, இந்த நாட்டிலும் மார்கழிக்குக் குளிர் உண்டு என்று உடம்புக்குத் தெரியும். கோயிலில் நாளுக்கொன்றாகத் திருப்பாவையின் முப்பது பாட்டும், அதோடு திருவெம்பாவையின் இருபதும் திருப்பள்ளியெழுச்சியின் பத்தும் சேர்ந்த முப்பதும் பாடப்படும். வாழையிலைத் துண்டில் சுடச்சுட வெண்பொங்கல் கிடைக்கும். அதை வாங்கிய கையோடு பெரியவர்கள் பெரட்டுக் களத்துக்குப் போவார்கள்.

திருவெம்பாவை நம் ஊரோடு நின்றுவிடவில்லை. பாங்காக்கில் அரசவை அந்தணர்கள் நடத்தும் ஒரு சடங்கின் பெயர் திரியம்பாவாய். அதற்கென நிறுத்திய செந்நிறப் பெரிய ஊஞ்சல் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன, ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தூண்களின் கீழ் நின்றபோது எங்கள் தோட்டத்துச் சேகண்டிச் சத்தம் காதில் கேட்டது போலிருந்தது.

ஒன்று நினைவுக்கு வருகிறது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை 12 ஆக்கினார்கள். சபா, சரவாக் நேரத்தோடு இணைப்பதற்காக நாட்டு நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அந்த மார்கழியின் நடுவில் எங்கள் விடியல் இன்னும் இருண்டது. ஐந்தரைப் பெரட்டு பழைய கணக்கில் ஐந்து ஆகிவிட்டதால், அப்பாவும் அம்மாவும் கும்மிருட்டில் புறப்பட்டார்கள்.

17 டிசம்பர், காலை 8.00

அக்கா என் நினைவைத் திருத்திவிட்டார். எங்கள் தோட்டத்தில் துரை பெரட்டை ஆறு மணிக்கு மாற்றிவிட்டாராம். வெட்டுக்கோடு தெரியாமல் உளி வைக்க முடியாது, ஆகவே மரம் வெட்டுபவர்கள் கடிகாரம் எப்படிப் போனாலும் சூரியனைத்தான் பின்பற்ற வேண்டும். பள்ளி மணி மட்டும் மாறவில்லை. இருட்டில் நடந்தது நானும் அக்காவும். அந்த இருட்டு எங்களுடையது. நான்தான் அதை அப்பா அம்மாவின் தலையில் ஏற்றி வைத்திருந்திருக்கிறேன். நாற்பத்து மூன்று ஆண்டாக அப்படியே நம்பியிருக்கிறேன்.

19 டிசம்பர், இரவு 8.45

பீடை மாதம் என்பதற்கு வருகிறேன். “பீடுடைய மாதம்” என்பதே மருவிப் பீடை ஆயிற்று என்று நானே பள்ளி மேடைகளில் பேசியிருக்கிறேன். இப்போது அதைத் திரும்பப் பெறுகிறேன். பீடை என்பது துன்பத்தைக் குறிக்கும் வடசொல். பீடு பெருமையைக் குறிக்கும் தமிழ்ச் சொல். ஒலி நெருக்கத்தைக் கொண்டு கட்டிய விளக்கம் அது. தசாம்பரத்தை மறுத்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்வது முறையாகாது.

மார்கழியில் திருமணம் செய்யாததற்கு வேறு விளக்கம் போதும். மக்களின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள்; அந்தக் கணக்கில் மார்கழி அவர்களின் விடியலுக்கு முந்தைய பொழுது. வழிபாட்டுக்கு ஒதுக்கிய பொழுதில் வீட்டுக் காரியங்களை வைப்பதில்லை. அந்தோணியார் வீட்டு அத்தையும், கிறிஸ்துமசுக்கு முந்திய வாரங்களான திருவருகைக் காலத்தில் கோயிலில் கல்யாணம் வைப்பது வழக்கமில்லை என்பார். ஆகவே எங்கள் லயத்தில் இரு பக்கத்துக் கல்யாணங்களும் பள்ளி விடுமுறையில் திருவருகைக்கும் மார்கழிக்கும் முந்திய நாட்களில் நெருக்கியடித்து வரும், அல்லது சனவரிக்குக் காத்திருக்கும்.

மார்கழி அதிகாலையில் ஓசோன் மிகுதியாக இறங்கி உடலுக்கு நன்மை செய்கிறது என்ற செய்தியை மூவர் அனுப்பியிருக்கிறீர்கள். தரைமட்ட ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கானது. அது வெயிலின் வினையால் உண்டாவதால் பிற்பகலில்தான் மிகும். அதிகாலையில் எழுவதற்கு அந்தப் பொய் தேவையில்லை.

21 டிசம்பர், இரவு 11.03

இந்த நிமிடத்தில் சூரியன் தென்கோடியைத் தொடுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், எங்கள் வட்டாரத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ இருபது நிமிடந்தான் வேறுபாடு. ஆயினும் ஊரில் ஒரு சாரார் இதைக் கொண்டாடுகிறார்கள். இன்று சீனர்களின் தோங்சி. மளிகைக்கடை அம்மா இஞ்சிப் பாகில் மிதக்கும் சிவப்பும் வெள்ளையுமான மாவுருண்டைகளை எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். அதை உண்டால் ஒரு வயது கூடும் என்பது அவர்கள் வழக்கு.

தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீசர் காலத்து ரோமானியர்கள் டிசம்பர் 25ஐயே இந்தத் திருப்பத்தின் நாளாகக் கணக்கிட்டார்கள். இயேசு பிறப்பை அந்த நாளில் கொண்டாடியதற்கான பழைய குறிப்பு, கி.பி. 354இல் தொகுத்த ஒரு ரோமானிய நாட்காட்டியில் இருக்கிறது. சூரியத் திருநாளையொட்டி அந்நாள் அமைந்தது என்று ஒரு சாராரும், இயேசு கருவான நாளாகக் கொண்ட மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணி அமைந்தது என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள். மார்ச் 25 அவர்களுக்குச் சம இரவுபகல் நாள் என்பதால், இரண்டும் சூரியனில்தான் போய் முடிகின்றன.

நம் பக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். உண்மையில் சூரியன் வடக்கே திரும்புவது இன்று. விண்மீன்களைப் பின்னணியாகக் கொண்டு மாதத்தை எண்ணுவதால், பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதையொட்டி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகிறோம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மார்கழியின் கடைசி நாளும் இந்தத் திருப்பமும் ஒன்றாக இருந்தன. ஒரே சூரியத் திருப்பத்தைப் பிடிக்க முயன்ற இரண்டு நாட்கள், அத்தை வீட்டுக் கிறிஸ்துமசாகவும் எங்கள் வீட்டுப் பொங்கலாகவும், மூன்று வார இடைவெளியில் ஒரே லயத்தில் வந்தன. இதைக் கணக்கிட்டுப் பார்த்த இரவில் எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

25 டிசம்பர், இரவு 9.50

கிறிஸ்துமஸ். தோட்டத்தில் மூங்கில் சிம்பில் காற்றாடித் தாள் ஒட்டி நட்சத்திரம் செய்வது எங்கள் அப்பா. அவர் முருக பக்தர், ஆனால் மூங்கில் வேலையில் அவருக்கு நிகர் இல்லை. அத்தை வீட்டுக் குடிலுக்கு வைக்கோலுக்குப் பதில் காய்ந்த லாலான் புல் பரப்புவோம். இரவுப் பூசைக்குத் தோட்டத்து லாரி டவுனுக்குப் போய்த் திரும்பும் நேரமும், பஜனைக்குச் சேகண்டி புறப்படும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கேரல் பாடியபடி லாரியில் வருகிறவர்களும் பஜனைக்குப் போகிறவர்களும் ஸ்டோர் முனையில் சந்திப்பார்கள். சேகண்டிக்காரர் ஒதுங்கி நின்று அவர்கள் பாட்டு முடியும்வரை காத்திருப்பார். காலையில் அச்சு முறுக்குத் தட்டு வரும், வெறும் தட்டைத் திருப்பக்கூடாது என்று அம்மா சர்க்கரை இட்டு அனுப்புவார்.

நோன்புப் பெருநாளும் டிசம்பருக்கு வந்து போகும். இசுலாமிய ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால், 2000இல் அது சனவரியில் ஒரு முறையும், கிறிஸ்துமசை அடுத்து டிசம்பரில் மறுமுறையும் வந்தது. அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் மூங்கிலில் சுட்ட லெமாங் சோறும் கேக்கும் வெண்பொங்கலும் ஒரே மேசையில் இருந்தன.

26 டிசம்பர், காலை 9.00

2004இல் இந்நாள் ஞாயிறு, பௌர்ணமி. சுனாமியில் நம் நாட்டில் 68 பேர் இறந்தனர். பாட்டி கப்பலேறிய நாகப்பட்டினத்தின் நிலையைத் தொலைக்காட்சியில் கண்டபோது, எண்பதைக் கடந்த அவர் அங்கே எஞ்சியிருந்த உறவினரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

31 டிசம்பர், இரவு 11.30

நேரம் மாறிய 1981இன் அந்த இரவில் அப்பா முக்காலி மேல் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தள்ளினார். “அந்த அரை மணிக்குச் சம்பளம் உண்டா?” என்று பாட்டி கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் இறங்கி, கடிகாரக் கதவைச் சாத்தினார். இன்று இந்த நேரத்தில் ஒவ்வோர் ஆண்டும் நான் கடிகாரத்தைப் பார்ப்பதுண்டு.

2026இல் பள்ளியாண்டு மீண்டும் சனவரியில் தொடங்குகிறது. காலணிக் கடையில் இன்று கூட்டம் நிற்க இடமில்லை. அம்மா இருந்திருந்தால் பழைய டிசம்பர் திரும்பிவிட்டது என்பார்.

தம்பி நாளைக் காலை பஜனைக்கு வருவதாக எழுதியிருக்கிறார். நாளை மார்கழி 17. தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. ஐந்து மணிக்குத் தொடங்கிவிடுவோம். ஆற்றோரப் பாதை சேறாகக் கிடக்கிறது, வண்டி இறங்காது. பழைய ஸ்டோர் முனையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், அங்கே விளக்குப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.